திருநீறு பூசி வந்தவரிடம் பாக்கி கேட்கலாமா?

கேள்வி (ஜூன் 9)

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தீட்சை பெற்றவன். கழுத்தில் உருத்திராக்கமும் நெற்றி நிறையத் திருநீறுமாக ஒருவர் வருவார். வாயைத் திறந்தால் 'சிவாயநம'தான். அன்னதானத்துக்கு என்று சொல்லி அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடனாக வாங்கிப் போனார். பாக்கி ரூ.7,000-ஐத் தாண்டிவிட்டது. இப்போது கடைப் பக்கமே வருவதில்லை. கோயிலில் பார்த்தால் கைகூப்பிவிட்டு வேறு பிராகாரத்துக்கு நகர்ந்துவிடுகிறார். அடியாரைச் சிவனாகவே காண வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அவரிடம் பணம் கேட்பது சிவ அபராதம் ஆகுமா? கேட்காமல் இருந்தால் வீட்டில் நிம்மதி இல்லை.

ஜூன் 9, இரவு

கேளுங்கள். இதற்கு ஏன் இத்தனை தயக்கம்? நான் விருத்தாசலத்தில் பாத்திரக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். என் கடையிலும் பேரேடு உண்டு, அதிலும் சிவனடியார்கள் உண்டு. விவரமாக நாளை எழுதுகிறேன். இப்போது கணக்கு முடிக்க வேண்டும்.

ஜூன் 10, காலை

அமர்நீதி நாயனாரை நினைத்துப் பாருங்கள். பழையாறையில் வணிகம் செய்தவர். திருநல்லூரில் மடம் கட்டி, வருகிற அடியார்களுக்குச் சோறும் கோவணமும் கொடுத்துவந்தவர். பிரமசாரி ஒருவர் தண்டில் கட்டியிருந்த கோவணம் ஒன்றை அவிழ்த்து, 'பத்திரமாக வைத்திரு' என்று கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகிறார். திரும்பி வந்து கேட்டால் கோவணத்தைக் காணோம். புதியது தருகிறேன் என்று இவர் கெஞ்சுகிறார். பிரமசாரி ஒப்பவில்லை. தண்டில் மிச்சமிருந்த இன்னொரு கோவணத்துக்கு எடைக்கு எடை வேண்டும் என்கிறார். தராசு வருகிறது. துணி, பட்டு, பொன், வீட்டில் இருந்த அத்தனையும் ஏற்றியும் தட்டு இறங்கவில்லை. கடைசியில் நாயனாரும் மனைவியும் மகனும் ஏறி நின்ற பிறகுதான் தட்டுகள் சமமாயின.

வந்தவர் யார்? சிவபெருமான். 'நீ நல்ல பக்தன், போனால் போகட்டும்' என்று அவர் சொன்னாரா? எடை போட்டுத்தான் வாங்கினார். கணக்குக் கேட்பது தெய்வத்துக்கே இழுக்கு இல்லாதபோது மளிகைக்காரருக்கு என்ன?

ஜூன் 10, மதியம்

'அது திருவிளையாடல், அதைக் கடை வியாபாரத்தோடு சேர்க்காதீர்கள்' என்று ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். ஐயா, அமர்நீதியார் வியாபாரிதானே? அவருக்குப் புரியும் பாஷையில் இறைவன் வந்தார். எனக்கும் தராசுதான் புரியும். பழைய பித்தளையைக் கொண்டுவந்து மாற்றுகிறவர்களிடம் ஈயப்பற்றுக்கு எவ்வளவு கழிப்பது என்று தினமும் வாக்குவாதம் செய்கிற ஆள் நான்.

ஜூன் 10, இரவு

ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். கடன் வசூலுக்கு மூர்க்க நாயனாரை மட்டும் யாரும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் சூதாடிப் பணம் சேர்த்து அடியார்களுக்கு அமுது படைத்தவர். தோற்றவர்கள் பணம் தர மறுத்தால் கத்தியை உருவிக் குத்தியவர். அறுபத்து மூவரில் எல்லா மாதிரியும் உண்டு. அதனால்தான் எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

ஜூன் 12

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: 'மெய்ப்பொருள் நாயனாருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?'

உட்கார்ந்து எழுத வேண்டிய கேள்விதான். அவர் அரசராக இருந்த திருக்கோவலூர் எங்கள் பக்கம். அப்பர் பிறந்த திருவாமூர், சுந்தரர் பிறந்த திருநாவலூர், மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர் எல்லாமே இந்த நடுநாட்டுக்குள் அடங்கிவிடும். சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது ஒவ்வோர் ஊர் தாண்டும்போதும் என் அப்பா ஒரு நாயன்மார் கதை சொல்வார். மெய்ப்பொருளார் கதை வந்தால் நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

முத்தநாதன் போர்க்களத்தில் அவரிடம் பலமுறை தோற்றவன். உடம்பெல்லாம் திருநீறு பூசிச் சடைமுடி கட்டி, சுவடிப் பையில் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்கு வருகிறான். வேடத்தைக் கண்டதும் காவலர்கள் வழிவிடுகிறார்கள். 'அரசர் உறங்குகிறார்' என்று தத்தன் ஒருவன் மட்டும் தடுக்கிறான். அவனையும் மீறி உள்ளே போகிறான். யாரும் அறியாத ஆகமம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, அரசியை வெளியே அனுப்பச் செய்கிறான். அரசர் அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்திவிட்டுத் தாம் தரையில் உட்கார்ந்து வணங்குகிறார். அவன் நினைத்து வந்ததைச் செய்துவிடுகிறான். வாளோடு பாய்ந்த தத்தனை, விழுந்துகொண்டே, 'தத்தா, நமர்' (இவர் நம்மவர்) என்று தடுக்கிறார். முத்தநாதனை யாரும் தாக்காமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடச் சொல்கிறார். தத்தன் திரும்பி வந்து, விட்டுவிட்டேன் என்று சொல்லும் வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்.

அதாவது, அவன் பகைவன் என்று தெரிந்த பிறகும் அவர் பார்வை மாறவில்லை. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். 'போலி என்று தெரிந்தால் மரியாதை போய்விடும்' என்கிற வாதத்துக்கு இந்தக் கதையில் இடமில்லை.

ஆனால் அவர் கொடுத்தது எதை? தம் உயிரை. முத்தநாதனுக்கு நாட்டைக் கொடுக்கவில்லை. படைக்குத் தலைவனாக்கவில்லை. பத்திரமாக வெளியே அனுப்பினார், அவ்வளவுதான். வணக்கமும் உயிர்ப் பாதுகாப்பும் வேடத்துக்கு உண்டு. கடன் வரம்பு அதில் சேராது.

ஜூன் 12, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியது முழுசாக இல்லை. தம் உயிரைத்தான் கொடுத்தார் என்று சுலபமாக எழுதிவிட்டேன். வெளியே அனுப்பப்பட்ட அந்த அரசி? தத்தன்? அவன் ஒருவன்தான் சரியாகச் சந்தேகப்பட்டவன், கடைசியில் கொலைகாரனுக்கு வழித்துணையாகப் போகிற வேலையும் அவனுக்கே வந்தது. ஊரே சூழ்ந்துகொண்டு கொதிக்க, நடுவில் அவனைக் காத்துக் கூட்டிப்போகிறான். அந்தக் கதையில் கடினமான பக்தி தத்தனுடையது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அரசருக்கு உள்ளே ஒரு தெளிவு இருந்தது. இவனுக்கு ஆணை மட்டும்தான்.

கேட்டவருக்கு ஒரு கேள்வி: கடை முதலில் உங்கள் மனைவியின் பங்கு எவ்வளவு?

ஜூன் 13

பதில் போட்டிருக்கிறார். கடை தொடங்கியதே மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தானாம். அப்படியானால் அந்த ரூ.7,000-த்தை மன்னிக்கிற உரிமை உங்களுக்குத் தனியாக இல்லை. அந்த அம்மாவைக் கேளுங்கள். 'விட்டுவிடலாம்' என்று அவர் சொன்னால் இந்தப் பேச்சு இங்கேயே முடிந்தது. சொல்லமாட்டார்.

ஜூன் 14

மெய்கண்டார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தை ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார். 'மாலற நேயம் மலிந்தவர் வேடமும் ஆலயம் தானும் அரன்எனத் தொழுமே.' நல்லது. கோயிலைத் தொழுவதுபோல அடியார் வேடத்தைத் தொழு என்கிறது. கோயிலைத் தொழுகிறோம். கோயில் நிர்வாகம் குத்துவிளக்கு வாங்கினால் ரசீது போட்டுத்தானே தருகிறோம்? அண்டா வாடகைக்குப் போனால் முன்பணம் வாங்கிக்கொண்டுதானே அனுப்புகிறோம்?

அதே நபர் திருமூலரையும் துணைக்கு அழைத்திருக்கிறார். படமாடும் கோயிலுக்கு, அதாவது கோயிலில் இருக்கும் இறைவனுக்கு, கொடுத்தது நடமாடும் கோயிலான அடியாருக்குச் சேராது, நடமாடும் கோயிலுக்குக் கொடுத்தால் அங்கேயும் சேர்ந்துவிடும் என்ற பாட்டு. கொடுப்பதைப் பற்றிய பாட்டு அது. எடுத்துக்கொண்டு போவதைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு மாலை

உழவாரப் பணிக்குப் போய்விட்டு வந்தேன். மதிலில் முளைத்த ஆலங்கன்றுகளை வேரோடு எடுப்பது இடுப்பை ஒடிக்கிற வேலை. எங்கள் குழுவில் எல்லோரும் ஒருவரையொருவர் 'ஐயா', 'அம்மா' என்றுதான் அழைப்போம். பத்து வயதுப் பையனும் 'ஐயா'தான். அந்தக் காலை நேரம் முழுக்க எல்லோரும் அடியார். மதியம் வீட்டுக்கு வரும் வழியில் ஷேர் ஆட்டோக்காரரிடம் சில்லறைக்காக 'என்னப்பா நீ' என்று குரல் உயர்ந்துவிடுகிறது. அவர் நெற்றி வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைத்தான் நான் சில நாட்களாகச் சொல்ல வந்து சுற்றிச் சுற்றிப் போகிறேன். வேடம் போட்டவரிடம் சிவனைக் காண்பதா வேண்டாமா என்று இவ்வளவு பேசுகிறோம். வேடம் போடாதவர்கள் இந்தப் பேச்சில் எங்கே?

ஜூன் 16

'அதற்குத்தான் வடலூர் இருக்கிறதே' என்று பதில் வந்திருக்கிறது. உண்மை. இங்கிருந்து நெய்வேலி வழியாகப் போனால் வந்துவிடும். 1867 மே 23-இல் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. பந்தியில் உட்காருகிறவரிடம் பசியைத் தவிர வேறு தகுதி கேட்பதில்லை. நான் போகும்போதெல்லாம் எனக்குப் பிடித்தது அந்தப் பெரிய பாத்திரங்கள் (தொழில் புத்தி, எங்கே போனாலும் அடிப்பகுதியின் கனத்தைத்தான் முதலில் பார்ப்பேன்).

ஆனால் சாலையில் ஒரு வேளை சோறு போடுவதும், தினமும் வீட்டுக்கு வருகிற ஒரே ஆளை அப்படிப் பார்ப்பதும் வேறு வேறு. இரண்டாவது எனக்கு வரவில்லை. உங்களில் யாருக்கு வருகிறது?

ஜூன் 18

பெண்ணாகடத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: 'எங்கள் ஊர் நாயனாரை மட்டும் ஏன் தொடாமல் போகிறீர்கள்?'

தொடப் பயந்துதான். கலிக்கம்ப நாயனாரும் வணிகர். வீட்டுக்கு வரும் அடியார்களின் காலைக் கழுவி அமுது படைப்பார். மனைவி கரகத்தில் நீர் வார்ப்பார். ஒருநாள் வந்த அடியார்களில் ஒருவன், முன்பு அதே வீட்டில் வேலை செய்துவிட்டு ஓடிப்போனவன். நாயனார் அவன் காலைக் கழுவக் கையில் எடுக்கிறார். மனைவிக்கு முகம் அடையாளம் தெரிகிறது. நீர் வார்க்கத் தயங்குகிறார். நாயனார் நிமிர்ந்து பார்க்கிறார், புரிந்துகொள்கிறார், மனைவியின் கையை வெட்டுகிறார். கரகத்தைத் தாமே வாங்கிக் காலைக் கழுவி, அமுதும் தாமே படைக்கிறார்.

பெண்ணாகடத்துக் கோயிலில் அவர் திருமேனியின் முன் நின்றிருக்கிறேன். கை கூப்பத் தோன்றவில்லை. கூப்பாமல் இருக்கவும் முடியவில்லை.

வேலைக்காரனுடைய காலை எஜமான் கழுவுவது, அதுவும் தனக்குச் சம்பளத்துக்கு இருந்தவனின் காலை, இந்தக் கதைகளைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் எழுதிய 12-ஆம் நூற்றாண்டில் மட்டுமில்லை, இன்றைக்கும் நம் தெருவில் நடக்காது. அந்தப் பாதி பெரியது. ஆனால் எதிரே வந்தவனிடம் சிவனைக் கண்ட கண், பக்கத்தில் கரகத்தோடு நின்றவளிடம் காணவில்லை. அவளும் நெற்றியில் திருநீறு வைத்திருந்திருப்பாளே? தினமும் எத்தனை கால்களுக்கு நீர் வார்த்தவள்?

ஜூன் 18, சற்றுக் கழித்து

'புராணத்தை இக்காலக் கண்ணால் பார்க்கக் கூடாது' என்கிறவர்களுக்கு: என்னிடம் இருப்பது இந்தக் கண்தான்.

'நாத்திகம் பேசுகிறீர்கள்' என்கிறவருக்கு: நாளைக் காலை ஆறு மணிக்குக் கோயிலுக்கு வாருங்கள், துடைப்பம் தருகிறேன்.

ஜூன் 20

கலிக்கம்பர் கதையை என் மாமியாரிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர், திருமுறை ஓதாமல் காப்பி குடிக்கமாட்டார். 'அத்தை, அந்த அம்மா என்ன பாவம் செய்தாள்?' என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே, 'அவளைப் பற்றி ஏன் கவலைப்படுகிறாய்? நீ கடையில் என்ன விற்கிறாய் என்று பார்' என்றார்.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தபோது எரிச்சலாக இருந்தது.

கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கல்யாணச் சீர் எல்லாம் எடுத்து முடித்து, பில் போடும் நேரத்தில், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி: 'வேலை செய்கிற அம்மாவுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர். மெல்லிசாக இருந்தால் போதும்.' தனியாக வைப்பதற்கு. வீட்டு டம்ளரோடு கலந்துவிடாமல் இருக்க அடியில் புள்ளி குத்தித் தரச் சொல்பவர்களும் உண்டு. பெயர் வெட்டுகிற மெஷின் கடையிலேயே இருக்கிறது. வீட்டுக்காரர் பெயர் அண்டாவில், புள்ளி இந்த டம்ளரில். உருத்திராக்கம் போட்டவர்களும் கேட்பார்கள். சிவராத்திரிக்கு நான்கு காலமும் விழித்திருப்பவர்கள். நாங்களும் எடுத்துக் கொடுப்போம். அதற்கென்றே லேசான தகட்டில் சரக்கு வருகிறது.

நீர் வார்க்கத் தயங்கிய கை என்று மாமியார் சொல்வது இதைத்தான். கதையில் அது ஒரு பெண்ணின் கை. ஊரில் அது எல்லோருடைய கையும்.

ஜூன் 21

மாமியாரின் விளக்கம் அழகு என்று பலர் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு அது பாதிதான் ஆறுதல். தயக்கம் தவறு என்பது சரி. வெட்டியது சரியாகிவிடாது. இதை அவரிடமும் சொன்னேன். 'சரி, அதற்கு உன்னை ஒருத்தரும் வெட்டவில்லையே, வேலையைப் பார்' என்றார்.

ஜூன் 23

யாரோ சேரமான் பெருமாள் நாயனாரைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. யானைமேல் ஊர்வலம் போகிறார் அரசர். எதிரே உவர்மண் மூட்டை சுமந்து ஒரு வண்ணான். மழையில் மண் கரைந்து உடம்பெல்லாம் வெளுத்துத் திருநீறு பூசியதுபோல இருக்கிறது. அரசர் இறங்கி வணங்குகிறார். அவன் நடுங்கிப்போய், 'அடியேன் அடிவண்ணான்' என்கிறான். அரசர், 'அடியேன் அடிச்சேரன்' என்கிறார்.

இங்கே ஏமாற்று இல்லை. அந்த ஆள் எந்த வேடமும் போடவில்லை. வேலை செய்த அழுக்குதான் அவன் மேல் இருந்தது. அரசர் பார்த்தது திருநீறு இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வணக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதோடு, திருநீற்றை நினைக்க வைத்தீர், வருந்தாமல் போங்கள் என்று அனுப்புகிறார். அந்தக் கடைசிச் சொல்தான் எனக்கு முக்கியம். நடுரோட்டில் அரசனே தன் காலில் விழுந்தால் வண்ணானின் நிலைமை என்ன ஆகும்? சுற்றியிருக்கிற சேவகர்கள் நாளைக்கு அவனை என்ன செய்வார்கள்? தம் பக்தி அடுத்தவர் தலைமேல் பாரமாக இறங்கக் கூடாது என்று அந்த அவசரத்திலும் நினைத்திருக்கிறார். கலிக்கம்பருக்கு இந்த நினைப்பு வரவில்லை.

ஜூன் 25

கடைவீதிச் செய்தி. பக்கத்துக் கைலிக்கடை பாயிடம் இந்தக் கடன் விவகாரத்தைச் சொன்னேன். சிரித்தார். குர்ஆனில் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான், இரண்டாம் அத்தியாயம் 282 என்றார். தவணை சொல்லி எழுது, சாட்சி வை, எழுதுகிறவர் நேர்மையாக எழுதட்டும், சின்னத் தொகையோ பெரியதோ எழுதச் சலிப்படையாதே. அதற்கு இரண்டு வசனம் முன்னால், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடு, தள்ளிவிட்டால் இன்னும் நல்லது என்று வருகிறதாம்.

'அவர்களுக்கு வியாபாரம் செய்த நபி, நமக்குத் தராசு பிடித்த சிவன்' என்று நான் சொன்னேன். 'அக்கா, என் பாக்கி ஒன்று உங்களிடம் நிற்கிறது' என்றார். கொடுத்துவிட்டேன்.

ஜூன் 28

கேட்டவர் எழுதியிருக்கிறார். மனைவியையும் அழைத்துக்கொண்டு போய், கோயிலில் வேண்டாம் என்று அவர் வீட்டிலேயே பார்த்தாராம். முதலில் காலைத் தொட்டு வணங்கியிருக்கிறார், பிறகு சீட்டை நீட்டியிருக்கிறார். அந்த மனிதர் ரூ.2,000 கொடுத்துவிட்டு, மீதிக்கு அன்னதானப் புண்ணியத்தில் பங்கு என்றாராம். இந்த அம்மா, 'புண்ணியத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சாமி, மீதியை ஆடிக்குள் கொடுங்கள்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கணவர் வாசலில் வெலவெலத்து நின்றாராம். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. விருத்தாசலம் பக்கம் வந்தால் கடைக்கு வரச் சொல்லுங்கள்.

ஜூலை 1

'தனி டம்ளர் விற்பதை நிறுத்திவிட்டீர்களா?' என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. கடை என் பெயரில் மட்டும் இல்லை, என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும் பங்கு உண்டு, மேலே மளிகைக்காரருக்குச் சொன்ன நியாயம் எனக்கும் பொருந்தும். புள்ளி குத்துவதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன். மெல்லிசாகக் கேட்டால் முதலில் கனமானதை எடுத்து வைத்து விலை சொல்கிறேன், சிலர் பேசாமல் வாங்கிப் போகிறார்கள். மற்றவர்கள் எதிர்க்கடைக்குப் போகிறார்கள். அங்கே அதே மெல்லிசு டம்ளர் நான்கு ரூபாய் குறைவு, புள்ளி இலவசம்.